சுந்தரி இன்னும் ஓகே சொல்லல

— கொஞ்சம் இரும்மா. இப்பத்தான் ரெண்டாவது ஆட்டத்துக்குப் போறா.

— யாரு சார்?

— அதான், சுந்தரின்னு சொன்னேனே. ஷூ ஃபேக்டரியில ஸ்டிச்சிங் லைன். ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறா. கேம் இருக்கிற ஃபோன அவ கையில குடுத்துட்டு, இன்னொரு ஃபோன்ல உன்னாண்ட பேசிகினு இருக்கேன்.

— சிரிச்சாளா?

— இன்னும் இல்ல.

— முறைச்சாளா?

— அதுவும் இல்ல. மூஞ்சிய ஃபோனுக்குள்ள உட்டுகினு நிக்கிறா.

— அப்ப நல்லதுதானே சார்...

— அவசரப்படாத ரெனிட்டா. பஸ் வரட்டும். பஸ் வந்ததும் ஃபோன என் கையில திணிச்சிட்டு ஓடுறாளா, இல்ல பஸ்ஸையே உட்டுட்டு நிக்கிறாளா... அதப் பாத்துட்டுத்தான் நான் வாயத் தொறப்பேன். அகழி கேம்ஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, இருபத்தாறு வருஷமா அப்டித்தான்.

— தெரியும் சார். அதுல பதினாலு வருஷம் நானும் இருந்திருக்கேன்.

— தெரிஞ்சும் இது நாலாவது ஃபோன்.

— மூணாவது.

— மூணே காலுக்கு ஒண்ணு. நாலு மணிக்கு ஒண்ணு. நாலே முக்காலுக்கு "தெரியாம கை பட்டுடுச்சு சார்"னு ஒண்ணு. இது நாலாவது.

— கை பட்டதெல்லாம் கணக்கா?

— தலைவருக்கு கை படக்கூடாதும்மா.

— சரி, நாலு. ஆறு மணிக்கு ரிலீஸ் சார். இப்ப அஞ்சே கால். நீங்க அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா...

— எந்த வார்த்தை?

— விளையாடாதீங்க சார்.

— சொல்லேன். எந்த வார்த்தை?

— "பஸ் போய்டுச்சு."

— ஹா! உன் வாயால கேக்கறப்ப நல்லாத்தான் இருக்கு.

— போன மாசம் சென்னையிலேர்ந்து ஒருத்தர் வந்திருந்தாரு சார். "ஊருல பஸ்ஸ விட்டா தலையில கை வெப்பாங்க, உங்க ஆபீஸ்ல மட்டும் 'பஸ் போய்டுச்சு'ன்னு கை தட்டுறாங்களாமே"ன்னு கேட்டாரு.

— நீ இன்னா சொன்ன?

— ஒரு பொண்ணு நம்ம கேம விளையாடிட்டே பஸ்ஸ விட்டுட்டான்னா அந்த கேம் ஓடும்னு அர்த்தம், அதுதான் எங்க டெஸ்ட்டுன்னேன். நோட்ல எழுதிக்கிட்டாரு.

— எழுதிக்கினாரா! மொதமொதல்ல பஸ்ஸ உட்டது உங்கம்மான்னு சொன்னியா?

— அத சொல்லல.

— ஏன், வெக்கமா?

— இல்ல சார்... சொன்னா, "ஓ, அதனாலதான் உன்ன அந்த நாற்காலியில உக்கார வெச்சாரா"ன்னு ஆயிடும்.

— உங்கம்மா அன்னிக்கு என்னைத் திட்டினது இருக்கே... "யோவ், உன் டப்பா ஆட்டத்தால பஸ்ஸு போச்சு, புள்ள ஸ்கூல் உட்டு வந்து வாசல்ல நிக்கும், நீயா போயி கதவத் தொறப்ப?"ன்னு. ரோடே திரும்பிப் பாத்துச்சு. நான் மனசுக்குள்ள அல்லேலூயா பாடிகினு இருக்கேன்.

— வாசல்ல சாவி இல்லாம நின்ன புள்ள நான்தான் சார். ஆறாங்கிளாஸ். பசின்னா பசி.

— அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப நாலு தரம் ஃபோன் பண்ணி என் உயிர எடுக்கறியா?

— சார், ஒண்ணு கேக்கட்டா? பஸ் ஸ்டாப்புல சத்தமே இல்லையே.

— சத்தமா? நான் ஓரமா நிக்கிறேன். மரத்தாண்ட.

— ஷிஃப்ட் விடுற நேரம் சார். எரநூறு பொண்ணுங்க நிப்பாங்க.

— காத்து அந்தப் பக்கம் அடிக்குது... நீ ஒண்ணு.

— அது என்ன விசில்?

— எது?

— இப்ப கேட்டுச்சே. நீட்டமா.

— அதுவா... கண்டக்டர்.

— கம்பெனி பஸ்ஸுக்கு கண்டக்டரா?

— பக்கத்துல கவர்மெண்ட் பஸ் நிக்குதும்மா! இன்னா நீ, போலீஸ் மாதிரி குடையற?

— இதோ இன்னொண்ணு. எத்தனை விசில் அடிப்பாரு சார் அந்த கண்டக்டர்?

— ...மூணு.

— சரி சார். மூணு அடிச்சதும் அவரை இறக்கி வெச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.

— ...

— சார்?

— இருக்கேன். பஸ்ஸு கெளம்பிடுச்சு. கவர்மெண்ட் பஸ்ஸு.

— நல்லது. சுந்தரி என்ன சொல்றா?

— கடிகாரம் வேணாங்கிறா.

— அவ சொல்றாளா, நீங்க சொல்றீங்களா?

— அவதான். "மேல இன்னா அங்கிள் ஒரு கடிகாரம் ஓடுது? காலையிலேர்ந்து சூப்பர்வைசர் மணிக்கு இத்தினி ஜோடின்னு தலை மேல நின்னான். இங்கியும் ஒருத்தன் நிக்கிறானா?"ன்னு கேக்கறா.

— அங்கிள்னா கூப்ட்டா?

— பின்ன?

— இல்ல, ரெண்டாவது தரம் சொல்றப்ப தாத்தான்னு மாறியிருக்குமோன்னு கேட்டேன்.

— கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு. நான் சொல்றதக் கேளு. நம்ம பழைய கேம் 'ஜோடி'யில கடிகாரம் இருந்துச்சா? ஸ்க்ரீன்ல ஒரு தோல். அதுல தழும்பு, ஓட்டை, உண்ணி கடிச்ச எடம். அதெல்லாம் ஒதுக்கிட்டு எடது காலு, வலது காலு ரெண்டுக்கும் துண்டு வெட்டணும். எத்தினி நேரம் வேணா எடுத்துக்கோ. அவசரமே கெடையாது. பட்டன் ஃபோன்ல வாணியம்பாடிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் அத ஆடாத ஆளு உண்டா? ஃபேக்டரியில நாள் பூரா கடிகாரத்துக்குப் பயந்து வேலை செய்றவங்களுக்கு, கடிகாரம் இல்லாத எடம் ஒண்ணு குடுத்தோம். அதுக்குத்தான் ஆடினாங்க.

— அது அப்ப சார்.

— எப்பவும் அதான்.

— இப்ப மூணு நிமிஷத்துக்கு மேல யாரும் நிக்கல சார். கடிகாரம் இல்லாம விட்டுப் பாத்தோம். பாதி தோல்லயே தூக்கிப் போட்டுட்டுப் போயிடறாங்க. ரெண்டு பேரு, ஒரே தோல், மூணு நிமிஷம்னு வெச்சோம்... நிக்கிறாங்க. ரெண்டாயிரத்து நூறு பேருக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

— ரெண்டாயிரத்து நூறு பேருல ஒருத்தர் மூஞ்சியாவது பாத்தியா?

— மூஞ்சி பொய் சொல்லும், கையப் பாருன்னு யாரு சார் எனக்குச் சொன்னது? நீங்க ஒரு நாளைக்கு ஒரு பொண்ணு கையப் பாத்தீங்க. நான் ரெண்டாயிரம் கையப் பாக்கறேன். எங்க நிக்குது, எங்க தடவுது, எங்க வெறுத்துப் போயி ஃபோன மூடுது... எல்லாம் எனக்குத் தெரியுது. கோவமா சார்?

— இல்ல. பதில் தேடிகினு இருக்கேன்.

— டச் ஃபோன் வந்தப்பவும் இப்டித்தான் தேடினீங்க.

— அத எதுக்கு இப்ப இழுக்கற?

— "பட்டன் இல்லாட்டி கைக்கு சுகமே இருக்காது, ஜனங்க திரும்பி வந்துடுவாங்க"ன்னு ரெண்டு வருஷம்...

— ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன். நாப்பது பேரு இருந்த எடத்துல பன்னெண்டு பேரு ஆனோம். சொல்லு, முழுசா சொல்லு.

— நான் குத்திக் காட்டறதுக்கு சொல்லல சார்.

— நீ அப்பவே சொன்னவதானே. இருபது வயசு. டெஸ்டர். மீட்டிங்ல எழுந்து நின்னு, "சார், ஊரே டச்சுக்குப் போயிடுச்சு, நாம மட்டும் பட்டன அமுக்கிகினு இருக்கோம்"ன்ன. அத்தினி பெரிய ஆளுங்க இருந்தாங்க, ஒருத்தனும் வாயத் தொறக்கல. எனக்கு அன்னிக்கு உன்னைப் பாத்தா பத்திகினு வந்துச்சு. ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கப்புறம் இவதான்னு.

— அத நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தரம் கூட சொல்லலையே.

— சொன்னா தலைக்கு ஏறிக்கும்.

— இப்ப?

— இப்ப தலை உன்னுதுதானே... இன்னா சத்தம் அங்க?

— ஒரு நிமிஷம் சார்... காஷிஃப், வெளிய இரு. இல்ல, அப்புறம். அத அங்கயே வை... ஒண்ணும் இல்ல சார்.

— மக்கன் பேடான்னு காதுல உழுந்துச்சே.

— ஆமா... காஷிஃப் ஆற்காட்டுக்கே போயி வாங்கிட்டு வந்திருக்கான்.

— கேம் வெளிய போனதுக்கு அப்புறம்தானே ஸ்வீட்டு, மக்கன் பேடா எல்லாம்? ப்ரோக்ராம் எழுதறவனுக்கு முன்ன எது பின்ன எதுன்னு தெரியாதா?

— அவன் வீடு மேல்விஷாரம்தானே சார், பக்கம். முன்னாடியே வாங்கி வெச்சிட்டான். நம்பிக்கைதான்.

— ம்... எனக்கு ரெண்டு எடுத்து வையி.

— நாலு எடுத்து வெக்கறேன். யாராவது ஆம்பூர் வந்தா குடுத்து அனுப்பறேன்.

— "வந்து சாப்டுங்க சார்"னு வருதா உன் வாயில?

— மூணு மாசம் ஆபீஸ் பக்கம் தலை காட்ட மாட்டேன், நான் வந்தா உன் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? சால்வை போட்டு அனுப்பினப்ப மைக்ல சொன்னீங்க.

— சொன்னேன். "அதெல்லாம் வேணாம் சார், வாங்க"ன்னு நீ சொல்லுவன்னு நெனச்சிகினு சொன்னேன்.

— ...நான் சொல்லல.

— ஆமா, சொல்லல.

— சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க வந்தா, அவங்க எல்லாத்தையும் எடுத்துட்டு உங்ககிட்டதான் ஓடுவாங்க. எனக்கு அது தெரியும். அதனால முழுங்கிட்டேன். தப்பா சார்?

— தப்பில்ல. நானா இருந்தாலும் முழுங்கியிருப்பேன்... சாப்டியா மத்தியானம்?

— சாப்ட்டேன்.

— யாரு கூட?

— உங்க ரூம்ல. தனியாத்தான். முன்னெல்லாம் காஷிஃப், தௌசீப், நானு, எல்லாரும் ஒரே டப்பாவுல கை விட்டு சாப்ட்டவங்க சார். இப்ப நான் டிஃபன் பாக்ஸ எடுத்துட்டுப் போனா பேச்சு நின்னுடுது. எல்லாரும் திடீர்னு நல்ல புள்ளைங்களா ஆயிடறாங்க. "உக்காருங்க மேடம்"ங்கறாங்க. யாருடா மேடம்? போன வருஷம் இதே தௌசீப் என் பிரியாணியில இருந்த முட்டையத் திருடித் தின்னவன்.

— நாற்காலி அப்டித்தான். நானும் இருபத்தாறு வருஷம் அந்த ரூம்ல தனியாத்தான் சாப்ட்டேன். நீங்க வெளிய சிரிக்கற சத்தம் கேக்கும். இன்னாத்துக்கு சிரிக்கறீங்கன்னு தெரியாது. கேக்கவும் முடியாது.

— அத ஏன் சார் எனக்கு முன்னாடியே சொல்லல?

— சொல்லியிருந்தா நீ உக்காந்திருக்க மாட்டியே.

— வீட்ல இப்ப சாப்பாடு எப்படி? உங்க வீட்டம்மா எப்ப வர்றாங்க?

— பொன்மலரா? வர்ற மாசம்ங்கறா. போன மாசமும் வர்ற மாசம்னுதான் சொன்னா. அயர்லாந்துல குளிராம், கொழந்தைக்கு சளியாம், மக ஜெனிஃபாவுக்கு நைட் டூட்டியாம். நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, பேரப்புள்ளைக்கு மறுபடியும் நர்ஸு ஆயிட்டா. வீடியோல வந்தா அஞ்சு நிமிஷம். அதுல நாலு நிமிஷம் கொழந்தைய காட்டுவா. அது என்னைப் பாத்து அழுவும்.

— சார்...

— விடு. பஸ் வருது.

— வருதா?

— அதோ, திரும்புது. இரு இரு, பேசாத. சுந்தரி தலையத் தூக்கிட்டா.

— ஏறுறாளா?

— பேசாதங்கறேனே.

— சார், சொல்லுங்க சார்...

— ...ஏறிட்டா.

— ஃபோன?

— என் கையில குடுத்துட்டு ஏறிட்டா. திரும்பிக் கூட பாக்கல.

— அப்ப...

— அப்ப இல்லம்மா. இந்த கேம் இன்னும் ஆகல. நிறுத்தி வையி. இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கோ. அடுத்த வாரம் இதே மாதிரி நான் இங்க வந்து நிக்கிறேன், நீ ஃபோன் பண்ணு. நிதானமா பாப்போம்... ரெனி? அழறியா?

— இல்ல. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இன்னிக்கு என்ன கிழமை?

— கிழமையா? புதன். ஏன்?

— வெள்ளிக்கிழமை சார். எங்கம்மா இன்னிக்கு வீட்லதான் இருக்காங்க. காலையிலேர்ந்து மாவு அரைக்கறாங்க. ஆம்பூர்ல ஃபேக்டரிக்கு வெள்ளிதானே வார லீவு. பஸ்ஸும் கிடையாது, சுந்தரியும் கிடையாது. பஸ் ஸ்டாப்புல இப்ப நாய்தான் படுத்திருக்கும்.

— வெள்ளியா இன்னிக்கு?

— வெள்ளி.

— பைபிள் வசனக் காலண்டர பொன்மலர்தான் கிழிப்பா. அவ போனதுலேர்ந்து அது அப்டியே ஜூன் மாசத்துல நிக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுல மணியடிக்கும், அது தெரியும். மத்த ஆறு நாளும் எனக்கு ஒண்ணுதான்மா. புதனா வெள்ளியான்னு கேக்கறதுக்கு இங்க ஆளு இல்ல.

— நீங்க வீட்லதான் இருக்கீங்க.

— சோறு வெச்சிகினு இருக்கேன். ஒரு டம்ளர் அரிசி.

— மூணே கால்லேர்ந்து எனக்குத் தெரியும் சார். சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னு பேசாம இருந்தேன். ஆனா இல்லாத பொண்ணு ஒருத்தி பஸ் ஏறிட்டான்னு சொல்லி என் கேம நிறுத்தப் பாத்தீங்களே... அத என்னால தாங்க முடியல.

— இல்லாத பொண்ணு இல்ல. சுந்தரி இருக்கா.

— சார், போதும் சார்.

— நெசமாத்தான். போன வாரம் போனேன், பஸ் ஸ்டாப்புக்கு. நீ அனுப்பின கேம எடுத்துகினு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுகினு போனேன். அவ கழுத்துல கார்டு தொங்குச்சு, சுந்தரின்னு. "ஒரு ரெண்டு நிமிஷம் ஆடிப் பாரும்மா"ன்னு ஃபோன நீட்டினேன். அவ ரெண்டு அடி பின்னால போனா.

— ஏன்?

— ஏன்னா? அறுபத்திமூணு வயசு ஆளு, பஸ் ஸ்டாப்புல நிக்கிற பொண்ணுக்கு ஃபோன நீட்டினா வேற இன்னா நெனப்பா? அப்பல்லாம் யார் கையிலயும் ஃபோன் இல்ல, கேம் சார் வந்துட்டாருன்னு க்யூ கட்டி நிப்பாங்க. இப்ப எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கு. என்னுது எதுக்கு? அதுக்குள்ள செக்யூரிட்டி வந்துட்டான். "இன்னா பெருசு, பொண்ணுங்களாண்ட ஃபோன நீட்டிகினு நிக்கிற?"ன்னான்.

— யாரு சார் அவன்?

— புது ஆளு. "தம்பி, நான் ஐசக், வேலூர் அகழி கேம்ஸ், எங்க கேம் ஜோடி..."ன்னேன். "எந்த ஜோடியா இருந்தா இன்னா, கெளம்பு"ன்னு தோள்ல கைய வெச்சான் ரெனி. தள்ளல. ஆனா கைய வெச்சான். அத்தினி பொண்ணுங்களும் பாத்துகினு இருந்தாங்க. அவரு அப்டிப்பட்டவர் இல்லப்பான்னு ஒருத்தி கூட சொல்லல. எப்டி சொல்லுவாங்க? யாருக்குத் தெரியும் என்னை? கூனிக் குறுகிப் போயிட்டேன். அப்டியே நடந்து வந்து ஒரு டீக்கடையில உக்காந்துட்டேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்!

— சொல்லி? நீ வந்து சண்டை போடுவ.

— போட்டிருப்பேன். எங்கம்மாவக் கூட்டிட்டு வந்து போட்டிருப்பேன். எங்கம்மா வாய் உங்களுக்குத் தெரியுமில்ல?

— அதுக்குத்தான் சொல்லல. அவன் மேல தப்பில்லம்மா. அவன் வேலைய அவன் செஞ்சான். எனக்குத்தான் அங்க வேலை இல்ல. அப்புறம் வீட்ட உட்டு எறங்கவே பேஜாரா போச்சு. ஆனா நீ ஃபோன் பண்ணி, "பஸ் ஸ்டாப்புல இருக்கீங்களா சார்?"னு கேட்டப்ப, இல்லைன்னு சொல்ல வாய் வரல. இருக்கேன்னுட்டேன். அப்புறம் யாராவது நின்னாகணுமே... அவ பேரு வந்துடுச்சு.

— பஸ்ஸும் வேணாம், பொண்ணும் வேணாம் சார். நீங்க ஆடினீங்களா?

— ஆடாம?

— எத்தனை ஆட்டம்?

— முப்பது இருக்கும். நாப்பதும் இருக்கும்.

— ஆடின காலு சும்மா இருக்குமா... எப்படி இருக்கு? ஐசக் சாரா சொல்லாதீங்க. பஸ்ஸுக்கு நிக்கிற ஆளா நெனச்சு சொல்லுங்க.

— நெசத்த சொல்லட்டா?

— அதுக்குத்தானே கேக்கறேன்.

— அந்தக் கடிகாரம் இருக்கட்டும்.

— என்ன சார்?

— இருக்கட்டும்ங்கறேன். மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, மூணு நிமிஷம் ஆனா எதிர்ல ஆடுற ஆளு போயிடுவான்னு தெரியுது பாரு, அதனாலதான் அந்த மூணு நிமிஷமும் கண்ணு அந்தாண்ட இந்தாண்ட போவ மாட்டேங்குது. முடிஞ்சதும் கையி தானா மறுபடியும் அமுக்குது. போயிட்டானா, இருக்கானான்னு. காலையில ஒருத்தன் மாட்டினான், திருப்பத்தூர்னு போட்டிருந்துச்சு. கெட்டிக்காரன். தழும்பு ஓரமா துண்ட ஒட்டி ஒட்டி வெச்சு, ஒரு நூலு தோலு வீணாக்கல. நாலு ஆட்டம் என்னைத் தோக்கடிச்சான். அஞ்சாவது ஆட்டம் நான் ஜெயிச்சேன். ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிட்டான். மத்தியானம் பூரா அவன் வருவானா வருவானான்னு பாத்துகினு இருந்தேன். சோத்த மறந்துட்டேன்னா பாரேன். நல்ல கேம்மா இது. என்னால இத யோசிச்சிருக்கவே முடியாது.

— ...

— இன்னா, சத்தத்தையே காணோம்? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?

— சார்... நான் உங்களுக்கு அனுப்பினது டெஸ்ட்டுக்கு வெச்சிருந்தது. அதுல வெளியாளு யாரும் வர முடியாது. எதிர்ல மெஷின் மட்டும்தான் ஆடும். திருப்பத்தூர்க்காரன் அதுல வரவே முடியாது சார்.

— ...

— அப்ப உங்களுக்குத் தெரியும். காலையில பத்து மணிக்கே கேம வெளிய விட்டுட்டேன். உங்களக் கேட்டா கடிகாரத்துக்காக வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம். "ஐசக் சார் சொல்லிட்டாரா மேடம்"னு பன்னெண்டு பேரும் கேட்டாங்க. சொல்லிட்டாருன்னு பொய் சொன்னேன். அவங்க கை தட்டினாங்க சார்... எனக்கு அங்க நிக்கவே முடியல. அந்தப் பொய்ய எப்படியாவது உண்மையாக்கிடணும்னுதான் மூணே கால்லேர்ந்து உங்களத் தொந்தரவு பண்ணிட்டு இருந்தேன். ஆறு மணி ரிலீஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. திட்டுங்க சார்... எப்பத்திலேர்ந்து தெரியும் உங்களுக்கு?

— வெளிய வந்த கேம பத்தே காலுக்கே எறக்கிட்டேன்மா. கோவம் வந்துச்சு, வரலேன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் ஆடிப் பாத்தேன், கோவம் போயிடுச்சு. மூணே காலுக்கு நீ ஃபோன் பண்ணி "ஓகேவா சார்"னு கேட்டப்பவே ஓகேதான். பதினோரு வாரமா அந்த அஞ்சு நிமிஷ வீடியோவும் கேஸ்காரனும் தவிர இந்த ஃபோன்ல யாரும் பேசல ரெனி... ஓகேன்னு சொல்லிட்டா நீ வெச்சிடுவியே.